கல்லடிக் காற்றறையின் தாழ்ப்பாள்

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒத்திகைச் சைரன் அடித்தார்கள். கல்லடிக் காற்றறைக்குள் வந்து சேர்ந்தது ஒரு நாய் மட்டும்தான்.

இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் காற்றறை பழகிப்போன சாமான். அப்போது அது புதிது. கடல் செத்துக்கொண்டிருந்தது. அடியில் அழுகியதெல்லாம் வாயுவாக மேலே வரும். காற்றுக் கரைப்பக்கம் வீசினால் அது மஞ்சள் மூட்டமாக ஊருக்குள் நுழையும். சனம் அதற்கு வைத்த பெயர் ஏப்பம். சின்ன ஏப்பம் என்றால் மாஸ்க் போதும். பெரிய ஏப்பத்துக்கு மாஸ்க் தாங்காது. அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகக் கடற்கரைக்குக் கிட்ட இருந்த பழைய மண்டபம் ஒன்றின் யன்னல்களைக் கட்டி மூடி, கதவுக்கு றபர் சீல் அடித்து, புளோவரும் ஃபில்டரும் பூட்டினார்கள். நான் அதன் பொறுப்பாளர். படித்து வந்த வேலை இல்லை. மீன் முடிந்துபோய், என் வீட்டுக்காரருக்கும் தொழில் இல்லாமல் போன நேரத்தில் கிடைத்த வேலை.

ஒத்திகை முடிந்ததும் மாவட்டத்துக்குப் பொறுப்பான சேர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"என்ன மிஸ் இது? ஆக்கள் எங்க?"

"பாதிப்பேர் பாலத்துக்கு ஓடிட்டாங்க சேர்."

"ஏன் பாலத்துக்கு?"

"சைரன் அடிச்சீங்கதானே?"

"மற்றப் பாதி?"

"வெளியில நிக்கிறாங்க. உள்ளுக்கு வரமாட்டாங்களாம்."

"நாய்?"

"அது சுனாமிக்கும் இருக்கல்ல, சண்டைக்கும் இருக்கல்ல சேர். அதுதான் வந்திரிக்கு."

அவருக்கு என் பதில் பிடிக்கவில்லை. ஆனால் நான் சொன்னது உண்மை. சுனாமி வந்தபோது எனக்கு ஆறு வயது. மாமா தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து ஓடினார். அதற்குப் பிறகு கடற்கரையில் சைரன் வைத்தார்கள், சத்தம் கேட்டால் ஆற்றுக்கு அங்கால் ஓடு என்று ஊருக்கே பழக்கினார்கள். எங்கள் காலுக்கு அது மனப்பாடம். இன்னொரு பகுதிச் சனம் சண்டையின் கடைசிக் காலத்தில் வாகரைப் பக்கமிருந்து வந்தவர்கள். அவர்களுக்குச் சத்தம் கேட்டால் அடைத்த இடத்துக்குள் இருக்கக் கூடாது என்று பழக்கம். பங்கருக்குள் இருந்து மூடுண்டவர்களைக் கண்ட ஆட்கள் அவர்கள்.

இந்த இரண்டு சனத்தையும் ஒரே சைரனால் ஒரு பெட்டிக்குள் போட்டு அடைக்கும்படி என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அலைக்கும் அதே சைரன்தான். அலை என்றால் விட்டு விட்டு அடிக்கும். ஏப்பம் என்றால் நீட்டி அடிக்கும்.

"பற்றரி இறங்கினா நீட்டுச் சத்தமும் விட்டு விட்டுத்தானே சேர் வரும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ரெக்னிக்கல் ஆக்கள் பாத்துக்கொள்ளுவாங்க" என்றார்.

அந்த ரெக்னிக்கல் ஆட்களை நான் என் சேவைக்காலம் முழுக்கக் கண்டதில்லை.

2. புஷ்பமக்காவும் யோகராசா அண்ணனும்

அறைக்கு முன்னால் இருந்த வளவில் ஒரு சோடி இருந்தது. அறுபதைத் தாண்டியவர்கள். புஷ்பமக்கா கல்லடிக்காரி. முதல் புருஷனையும் கைப்பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்தவர். யோகராசா அண்ணன் வாகரைப் பக்கத்து ஆள். பங்கர் வாயில் செல் விழுந்து மண் மூடி, தோண்டி எடுத்தபோது அவர் மட்டும் மூச்சோடு இருந்தாராம். இருவரும் முகாமில் கண்டு கட்டியவர்கள்.

சைரன் அடித்தால் அக்கா பாலத்துக்கு ஓடுவார். அண்ணன் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் விசர் என்று ஏசுவார்கள். தெருவே அவர்களைப் பார்த்துத்தான் முடிவெடுத்தது. புஷ்பம் ஓடினால் ஓடுவது, யோகராசா இருந்தால் இருப்பது.

நான் போய்ப் பேசிப் பார்த்தேன்.

"என்னகா நிரோ," என்றார் அக்கா, "கடலுக்குக் கிட்ட அறையக் கட்டி, யன்னலையும் பூசி, கதவையும் பூட்டி எங்கள ஊறுகாய் போடப் போறியளோ? கடல் வந்தா எப்பிடித் தெரியும்?"

"அலை எண்டா நாங்க அறிவிப்பம் அக்கா."

"அண்டைக்கும் ஆரோ அறிவிப்பான் எண்டுதான் இருந்தம்."

அண்ணன் இன்னும் மோசம். "நான் ஒருக்கா மூடுபட்டுக் கிடந்திட்டன் புள்ள. இன்னொருக்கா ஒண்ணா."

"அப்ப வெளியில நிண்டு சாகப்போறியளா?"

"வெளியில செத்தா ஆராவது காணுவான்."

எனக்குக் கோபம் வந்தது. இவர்களுக்கு விளக்கம் சொல்லச் சொல்லி எனக்கு ஒரு படப் புத்தகம் தந்திருந்தார்கள். அதில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே அறைக்குள் போகும். அந்தக் குடும்பத்தை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை.

அடுத்த பெரிய ஏப்பத்தில் அண்ணன் கதிரையிலிருந்து விழுந்தார். நானும் ஃபில்டர் மெக்கானிக் றமீஸ் நானாவும் இழுத்துக்கொண்டு வந்து உள்ளே போட்டோம். காத்தான்குடி ஆள் றமீஸ் நானா. கை வேலை செய்தால் வாயும் சேர்ந்து வேலை செய்யும்.

"யோகராசாண்ணே, மணம் வந்தாப் பயமில்ல, மணம் நிண்டாத்தான் பயம். மூக்கு முதல் மௌத்தாகும், செத்த மூக்குக்கு மணம் தெரியாது, மறுகாத்தான் ஆள் மௌத்தாகும். இத எத்தின தரம் சொல்லிரிக்கன்?"

அண்ணன் கண் திறந்து, அடைத்த கதவைக் கண்டு, கத்திய கத்தலில் உள்ளே இருந்த கொஞ்சப் பேரும் வெளியே ஓடப் பார்த்தார்கள். நான் கதவில் முதுகை வைத்து நின்றேன். அன்று யாரும் சாகவில்லை. ஆனால் அண்ணனுக்கு நெஞ்சு பழுதாகிவிட்டது. இன்னொரு தரம் வெளியே நின்றால் ஆள் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

3. தாழ்ப்பாள்

ஆஸ்பத்திரியில் அண்ணன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கதவுத் தாழ்ப்பாள் ஆரிட்ட இரிக்கு?"

"என்னிட்ட."

"நீ பயந்து ஓடினா?"

"எனக்குப் பயமில்ல அண்ணே."

"பயமில்லாத ஆளிட்டத் தாழக் குடுக்கக் கூடாது. என்னிட்டத் தா. நான் வாறன்."

பொறுப்பாளர் தவிர வேறு யாரும் தாழ்ப்பாளைத் தொடக்கூடாது என்பது சட்டம். நான் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அந்தாள் உள்ளே வரவேண்டும். அவ்வளவுதான்.

அக்காவுக்குக் கடல் தெரியவேண்டும். கமரா பூட்டித் தரச் சொல்லித் திணைக்களத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. றமீஸ் நானா தானே கிழக்குச் சுவரில் உயரத்தில் ஓட்டை வெட்டி, ஓட்டமாவடியில் கழித்துப்போட்ட பொலன்னறுவை பஸ் ஒன்றின் கண்ணாடியில் துண்டு வெட்டிக்கொண்டு வந்து சீல் அடித்துப் பூட்டினார். கீழே ஒரு ஏணி.

"இனி அறை ஓட வெளிக்கிட்டா என்னக் கேக்காதங்க," என்றார். "பஸ் கண்ணாடி. அது பொலன்னறுவைக்குத்தான் போகும்."

அடுத்த சைரனுக்கு அண்ணன் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றார். அக்கா ஏணியில் ஏறி இருந்து கடலைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா அண்ணன் தாழை இழுத்துப் பார்ப்பார், அசைகிறது என்று கண்டதும் விடுவார். அக்கா மேலிருந்து, "கடல் இரிக்கிற இடத்திலதான் இரிக்கு" என்று சொல்வார். அதைக் கேட்டுத் தெரு முழுக்க உள்ளே வந்தது.

சேர் கண்டுவிட்டுத் துள்ளினார்.

"தாழ்ப்பாள் ஒரு பொதுமகன்ட கையில! இது என்ன சந்தையா மிஸ்?"

"அப்ப சேர் வந்து பிடிங்க."

அவர் வரவில்லை. சட்டமும் மாறவில்லை. நாங்கள் எங்கள் பாட்டில் நடத்தினோம்.

4. அந்தக் காலை

சமைக்கிற நேரம் சைரன் அடித்தது. நீட்டுச் சத்தம். சனம் வந்து நிறைந்தது. அண்ணன் தாழைப் போட்டார். புளோவர் ஓடியது. மீற்றரைப் பார்த்த றமீஸ் நானாவின் வாய் அடங்கிவிட்டது. அவர் பகிடி விடாத முதல் ஏப்பம் அது. வெளி வாயுவின் அளவைக் காட்டும் ஊசி கடைசிக் கோட்டில் முட்டி நின்றது.

கொஞ்ச நேரத்தில் சைரன் உடைந்தது. விட்டு விட்டு அடித்தது.

விட்டு விட்டு என்றால் அலை. அல்லது பற்றரி இறங்குகிறது. இரண்டில் எது?

நான் போனை எடுத்தேன். சேர்தான்.

"மிஸ், அலை எச்சரிக்கை வந்திரிக்கு. உடனே வெளியேத்துங்க."

"சேர், வெளியில மீற்றர் முட்டி நிக்குது. வெளியில விட்டா பாலம் வரைக்கும் போய்ச் சேரமாட்டாங்க."

"கொழும்பு ஓடர். வெளியேத்துங்க."

நான் திரும்பி, "அண்ணே, திறங்க" என்றேன். அதற்குள் போன் மறுபடி கத்தியது. "பொறுங்க, பொறுங்க. உறுதிப்படுத்தல்ல." நான், "அண்ணே, பொறுங்க" என்றேன். போன் மறுபடி, "இல்ல, வெளியேத்த..." என்றது. அத்தோடு லைன் செத்தது.

உள்ளே இருந்தால், அலை வந்தால், யன்னல் அடைத்த தரைமட்டப் பெட்டிக்குள் எல்லாரும் முடிந்தோம். திறந்தால், அலை பொய்யென்றால், மஞ்சள் மூட்டத்துக்குள் எல்லாரும் முடிந்தோம். சனம் கத்தியது. எல்லாரும் ஏணியைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் கடலைக் கண்ணை எடுக்காமல் பார்த்த மனிசி அங்கே இருக்கிறார்.

"அக்கா, கடல் எங்க?"

"தெரியல்லகா. மஞ்சளாக் கிடக்கு. ஒண்டும் தெரியல்ல."

"சத்தம்? அண்டைக்கு வந்த மாதிரிச் சத்தம்?"

"அண்டைக்கு என்ன சத்தம் எண்டு எனக்கு ஞாபகமில்ல." அழுதார். "நான் அண்டைக்கு ஒண்டும் கேக்கல்ல. ஓடினது மட்டும்தான் தெரியும்."

பிறகு ஏணியிலிருந்து குதித்து நேரே கதவுக்குப் போனார்.

"திறங்க! கடல் வருகுது, திறங்க!"

"கண்டியாகா?" என்று கேட்டார் றமீஸ் நானா.

"காணல்ல. வருகுது."

அண்ணன் இரண்டு கையாலும் தாழைப் பிடித்து, கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். அக்கா அவர் முதுகில் குத்தினார். "பிள்ளையையும் குடுத்தன், இனி இதுக்குள்ள கிடந்து சாகவோ? விடுங்க மனிசா!" அண்ணன் அசையவில்லை. இன்னும் சிலர் போய் இழுத்தார்கள். நான் அவர்களை இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று கேட்டால், கதவடியில் நெரிபட்டு ஆட்கள் சாவார்கள் என்று. திறக்கக்கூடாது என்றா? அதை நான் முடிவெடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. றமீஸ் நானா கலிமா சொல்லிக்கொண்டே புளோவரைக் கூட்டி வைத்தார்.

கதவு திறக்கவில்லை. அலை அறைக்குள் வரவில்லை. பின்னேரம் மீற்றர் இறங்கிய பிறகும் அண்ணனின் விரல்களைத் தாழிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் பிரித்தோம்.

வெளியே வந்தோம். தெருவில் காகங்கள் செத்துக் கிடந்தன. கரையோரம் தெற்கே இன்னொரு அறையில் ஓடர் வந்ததும் திறந்தார்களாம். அங்கே எத்தனை பேர் தப்பினார்கள் என்று அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாததிலேயே விளங்கியது.

எங்கள் அறைப் படிக்குக் கீழே தெருவுக்குக் குறுக்கே ஒரு கறுப்பு நுரைக் கோடு கிடந்தது. ஈரமாக. கடல் அதுவரைக்கும் வந்து போனதா, அல்லது முதல் நாள் மழை கொண்டுவந்து விட்ட ஊத்தையா? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு இன்றுவரை தெரியாது.

5. விசாரணை

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர், ஒரு ஏசி அறை, நல்ல காற்று.

"திறக்கச் சொன்னீங்களா, பொறுக்கச் சொன்னீங்களா?"

"ரெண்டும் சொன்னன்."

"கடைசியாச் சொன்னது எது?"

"உங்கட ஆள் கடைசியாச் சொன்னது எது?"

சட்டத்தை மீறித் தாழ்ப்பாளைக் கொடுத்ததற்காக என்னை வேலையால் நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில், அதே தாழ்ப்பாளைக் கொடுத்துச் சனத்தைக் காப்பாற்றியதற்காகத் திருப்பி எடுத்தார்கள். இடையில் பேப்பரில் வந்துவிட்டது. பிறகு அதற்கு 'கல்லடி முறை' என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வோர் அறையிலும் பங்கர் அனுபவமுள்ள ஒருவரிடம் தாழ்ப்பாளைக் கொடுக்கவேண்டும், அவர்களுக்கு ஆபத்தில் நிதானம் அதிகம் என்று எல்லா அறைகளுக்கும் அறிவுறுத்தல் போனது. யோகராசா அண்ணனுக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். சேர் பேசினார். தானே யோசித்துச் செய்த காரியம்போலப் பேசினார்.

மேடையிலிருந்து இறங்கியதும் அண்ணன் என்னையும் அக்காவையும் ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார். பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"புள்ள, நான் பிடிச்சு வைக்கல்ல."

"என்ன அண்ணே?"

"திறக்கத்தான் இழுத்தன். நீ முதல் சொன்ன உடனயே இழுத்தன். கை வரல்ல. விரல் எல்லாம் இறுகிப்போச்சு. மூச்சும் வரல்ல. நான் மறுகாவும் அந்தப் பங்கருக்குள்ள கிடந்தன். இவள் குத்தினது ஒண்டும் எனக்குத் தெரியாது."

அக்கா அவர் கக்கத்திலிருந்த பொன்னாடையைப் பிடித்து இழுத்தார். "அவ்வளவு குத்துக் குத்தினன். தெரியாதாம்! அப்ப இந்தச் சீலைய என்னத்துக்கு வாங்கினீங்க?"

"போத்தினானுகள். நான் என்ன செய்ய?"

"கை வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"செத்திருப்பம்."

"அலை வந்திருந்தா?"

"அதுக்கும் செத்திருப்பம். அப்பவும் ஆரோ ஒருத்தனுக்குப் பொன்னாடை போத்தியிருப்பானுகள்." அவர் சிரிக்கவில்லை. "நீ போய்ச் சொல்லு. என்ன மாதிரி ஆளுகளத் தேடிப் பிடிச்சுத் தாழக் குடுக்கவேணாம் எண்டு சொல்லு. இன்னொரு நாள் திறக்கவேண்டி வரும். அப்பவும் கை வராது."

நான் போய்ச் சொன்னேன். சேர், "அதெல்லாம் இப்ப மாத்த ஏலாது மிஸ், அறிவுறுத்தல் போயிட்டு" என்றார். "அப்ப சைரன் அடிச்சா நான் அறைச் சனத்த முழுக்க உங்கட வாசலில கொண்டுவந்து விடுறன்" என்றேன். அறைத் திறப்புக் கொத்தை அவர் மேசையில் போட்டேன். றமீஸ் நானாவும் தன் ஸ்பனர்ப் பையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். அடுத்த நாள் தெருச் சனமும் வந்து சேரின் கந்தோர் முற்றத்தில் இருந்தது. கதிரையைப் போட்டு முதலில் இருந்தவர் யோகராசா அண்ணன்.

6. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு

நாங்கள் கந்தோர் முற்றத்தில் போய் இருந்த பிறகுதான் அறையை மேல்மாடிக்கு ஏற்றினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்து, ஏசி ஏசித்தான் ஏற்றினார்கள். அலை வந்தாலும் எட்டாது. வாயு பாரம், கீழேதான் கிடக்கும். சைரன் நீட்டி அடித்தாலும் உடைந்து அடித்தாலும் செய்யவேண்டியது ஒன்றுதான்: மேலே ஏறு. இதை முதலிலேயே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று நான் எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன். ஆளுக்கு ஒரு கந்தோரைக் கை காட்டினார்கள்.

தெரியாத பொழுதில் சரியாக முடிவெடுப்பது எப்படி என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். கல்லடியை உதாரணமாகவும் காட்டுவார்கள். அன்று அங்கே நின்றவள் சொல்கிறேன்: அங்கே யாரும் முடிவெடுக்கவில்லை. நான் எடுக்கவில்லை, சேர் எடுக்கவில்லை, அக்கா எடுக்கவில்லை, தாழைப் பிடித்தவரும் எடுக்கவில்லை. தப்பினோம். அதிலிருந்து ஒரு முறையை எடுக்கப் பார்க்காதீர்கள். அப்படி ஒரு முடிவு ஒருவன் கையில் வந்து விழாதபடி அறையைக் கட்டுங்கள். வேலை அதுதான். மற்றதெல்லாம் மேடை.

புது அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. கதவு உட்பக்கமாகத் திறக்கும். புளோவர் காற்றே அதை அமத்திப் பிடித்திருக்கும். உள்ளிருந்து ஒரு கிழவி இழுத்தாலும், வெளியிலிருந்து தள்ளினாலும் திறக்கும், விட்டால் தானே மூடும். முதல் நாள் அண்ணன் வந்து தள்ளினார். திறந்தது. விட்டார். மூடியது. திரும்பவும் தள்ளினார். பின்னால் படியில் நின்ற சனம் பொறுமையிழந்து சத்தம் போட்டது.

"என்ன மனிசா," என்று கேட்டார் அக்கா, "உள்ளுக்குப் போறீங்களா, இல்லாட்டி நான் தள்ளவா?"

"பொறு," என்றார் அண்ணன். "இன்னொருக்கா."